ஆம்பூருக்கு வந்த இடது கால் பூட்ஸ்

சென்னை விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் கைப்பையிலிருந்து அந்தப் பூட்ஸை எடுத்து மேசையில் வைத்துவிட்டு இன்னொன்றைத் தேடினார். பையைக் கவிழ்த்தே பார்த்துவிட்டார்.

“இன்னொரு கால் எங்கம்மா?”

“இல்ல சார். ஒண்ணுதான்.”

“ஒத்தை பூட்ஸை வச்சுக்கிட்டு என்ன பண்ணுவீங்க?”

“ஆம்பூருக்குக் கொண்டு போறேன்.”

ஆம்பூர் என்றதும் அவர் முகம் தெளிந்துவிட்டது. “அப்படிச் சொல்லுங்க” என்று பையை மூடிக் கொடுத்து, பிரியாணி சாப்பிடாமல் திரும்பக் கூடாது என்று புத்திமதியும் சொன்னார். என் பாஸ்போர்ட்டை அவ்வளவு அக்கறையாக அவர் பார்க்கவில்லை.

நான் கோவில்பட்டிக்காரி. பதினோரு வருஷமாக போலந்தில், வார்சாவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறேன். என் கணவருக்கு அங்கே வேலை, எனக்கு அங்கே குளிர். வடக்கே சென்னையைத் தவிர எனக்கு எந்த ஊரும் தெரியாது. ஆகவே சொந்த மாநிலத்துக்குள்ளேயே வெளிநாட்டுக்காரியைப் போல நான் செய்த பயணம் இது.

அனுப்பிவைத்தவர் என் கீழ்வீட்டு ஹலினா அம்மா. வயது எண்பதைத் தாண்டிவிட்டது. குளிர்காலம் முழுக்க என்னை உட்காரவைத்து, நம் கொழுக்கட்டையின் ஒன்றுவிட்ட தங்கை மாதிரி ஒரு பண்டத்துக்குள் உருளைக்கிழங்கு வைத்து ஊட்டாத குறையாகக் கொடுப்பார். அந்தப் பூட்ஸ் அவருடைய அப்பாவுடையது. அப்பாவின் பெயர் யான். அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சாரணர் தலைவராக இருந்து, பிறகு நாட்டின் விடுதலைக்காகப் போராடி இறந்தவர். இப்போது அங்கே உள்ள சாரணர் படைக்கு அவர் பெயர்தான். பள்ளியில் ஒரு கண்ணாடிப் பெட்டி செய்து, “அவருடைய பூட்ஸைத் தருவீர்களா பாட்டி?” என்று பிள்ளைகள் வந்து கேட்டிருக்கிறார்கள்.

“கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அப்புறம் ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை” என்றார் ஹலினா அம்மா.

எனக்கு வாய் சும்மா இருக்காது. “எங்கள் நாட்டில் ஆம்பூர் என்று ஓர் ஊர் இருக்கிறது. உலகம் முழுக்கப் போகிற ஷூவை அங்கேதான் தைக்கிறார்கள். இதே மாதிரி ஒரு ஜோடி செய்துகொண்டு வந்துவிடுகிறேன். அதைப் பெட்டியில் வைக்கட்டும். அசல் உங்களிடமே இருக்கும்” என்றேன்.

அவர் பூட்ஸை இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார். “ராணி, நான் பிறப்பதற்கு இரண்டு மாதம் முன்னால் அப்பா இறந்துவிட்டார். என்னை அவர் தொட்டதில்லை, நான் அவரைத் தொட்டதில்லை. அவரிடமிருந்து எனக்கு வந்தது இது ஒன்றுதான். போனபடியே திரும்பி வர வேண்டும்.”

கூடவே ஒரு பழுப்புக் காகிதத்தையும் கொடுத்தார். தன் இரண்டு பாதங்களையும் அதன்மேல் வைத்து பென்சிலால் கோடு இழுத்திருந்தார். அவருக்கு ஒரு விசித்திரமான சுண்டுவிரல். பக்கத்து விரலின் முதுகில் ஏறி உட்கார்ந்திருக்கும். எந்தக் கடை ஷூவும் அந்த விரலை மன்னிப்பதில்லை. வீட்டுச் செருப்பில்கூட அந்த இடத்தில் கத்தரியால் ஓட்டை போட்டு வைத்திருப்பார். அப்படியே தனக்கும் ஒரு ஜோடி தைத்து வரச் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் ரயிலில் பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு உட்கார்ந்தவள், காட்பாடி தாண்டியதும் அப்படியே தூங்கிப்போனேன். கண் விழித்தபோது பெட்டியில் பாதிப் பேர் இல்லை. எதிரே ரயில்வே சட்டை போட்ட ஒருவர் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டிருந்தார்.

“ஆம்பூர் எப்ப வரும்ங்க?”

“இன்னாம்மா, ஆம்பூரு எப்பவோ போய்ட்ச்சு. ஜோலார்பேட்டையே வந்துட்ச்சு, எறங்குங்க.”

“அடப்பாவமே, எழுப்பக் கூடாதா?”

“பைய நீங்க புடிச்சிருந்த புடியப் பாத்தா, தொட்டாலே போலீஸக் கூப்புடுவீங்க போல இருந்துச்சு” என்றார்.

நல்ல மனுஷர். ஸ்டேஷனுக்கு வெளியே கூட்டிவந்து வாணியம்பாடி பஸ்ஸைக் காட்டினார். வாணியம்பாடியில் இன்னொரு பஸ். போலந்தில் பஸ் ஒரு நிமிஷம் பிந்தினால் பலகையில் மன்னிப்புக் கேட்பார்கள். இங்கே நடத்துனர் என்னைப் பார்த்து, “சீக்கிரம் ஏறும்மா, உன்னாலதான் லேட்டு” என்றார்.

ஆம்பூரில் எனக்காகக் காத்திருந்தவள் நஸீமா. கல்லூரி விடுதியில் மூன்று வருஷம் பக்கத்துக் கட்டிலில் படுத்தவள். இப்போது ஒரு ஷூ கம்பெனியின் ஆபீஸில் இருக்கிறாள். வெளிநாட்டு ஆர்டர்களை வாங்கி சாம்பிள் ரூமுக்கு அனுப்புவது அவள் வேலை. என்னைப் பார்த்ததும், “அரே, எவ்ளோ நேரம்டி! பிரியாணி ஆறிப்போச்சு” என்று திட்டியபடியே கட்டிக்கொண்டாள். சீரகச் சம்பா அரிசி, அதற்குத் தொட்டுக்கொள்ளக் கத்திரிக்காய். பிரியாணிக்குக் கத்திரிக்காயா என்று முதலில் சிரித்தேன். மூன்றாவது முறை கத்திரிக்காய் கேட்டு வாங்கியபோது சிரிப்பு அவள் பக்கம் போய்விட்டது.

புதன்கிழமை காலையில் சாம்பிள் ரூமுக்குப் போனோம். ஆயிரக்கணக்கில் ஷூ தைக்க ஆரம்பிப்பதற்கு முன்னால் முதல் ஜோடியைச் செய்து பார்க்கிற அறை அது. தோல் வெட்டுவதற்கு அட்டையில் அளவு வரைகிற பேட்டர்ன் மாஸ்டர் ஏழுமலை அன்றைக்கு லீவு. நாட்றம்பள்ளியில் தங்கை குழந்தைக்குக் காதுகுத்தாம். நஸீமா பாதம் வரைந்த பழுப்புக் காகிதத்தைப் பக்கத்தில் வைத்து, ஓர் அட்டையில் விவரம் எழுதிப் பூட்ஸில் கட்டினாள். ‘ஒரிஜினல் சாம்பிள். ஒரு ஜோடி. வெள்ளிக்கிழமைக்குள்.’

“சனிக்கிழமை எனக்கு விமானம்டி. அவசரம்னு எழுது” என்றேன். எழுதினாள். “பெரிசா எழுது” என்றேன். பெரிசாக எழுதினாள்.

டீ நேரத்தில் எல்லோரும் பூட்ஸைச் சுற்றி நின்றார்கள். யாருடையது என்று கேட்டார் தையல் பிரிவு மேரி அக்கா. சொன்னேன்.

“சாரணர்னா, ஸ்கூல்ல காக்கி போட்டுக்கினு கேம்ப் போவாங்களே, அதுவா?”

“அதேதான். அங்கேயும் கூடாரம், முடிச்சு, முதலுதவி எல்லாம் உண்டு. கை குலுக்கினால் இடது கையாலதான்.”

மேரி அக்கா டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். “அய்யோ! என் பையன் ஸ்கவுட்ல சேந்துட்டு வந்து அவங்க அப்பாவுக்கு எடது கைய நீட்னான். மரியாத கெட்ட நாயேன்னு முதுகுல ஒண்ணு வெச்சேன். அதுக்குத்தானா?”

அறையே சிரித்தது. பாவம், அந்தப் பையனுக்கு அன்று சாயங்காலம் ஏதாவது வாங்கிப் போயிருப்பார் என்று நம்புகிறேன்.

யான் பூகோள வாத்தியார். பிள்ளைகளை வகுப்பில் உட்காரவைக்காமல் காட்டுக்குக் கூட்டிப்போய், மரத்தின் பாசியைப் பார்த்துத் திசை சொல்லக் கற்றுக்கொடுப்பாராம். உலகப் போர் வந்து அந்நியப் படை நாட்டைப் பிடித்ததும் பள்ளியை மூடினார்கள், சாரணர் படைக்கும் தடை. யான் நிறுத்தவில்லை. வீட்டுச் சமையலறைகளில் ரகசியமாக வகுப்பு நடந்தது. கூடாரம் கட்டப் படித்த பிள்ளைகள் ராத்திரியில் சுவரில் எழுதப் போனார்கள். கொடி அசைத்துச் சைகை காட்டப் படித்தவர்கள் தபால் சுமந்தார்கள். கடைசியில் வார்சா நகரமே எழுந்து நின்று சண்டை போட்டபோது, முடிச்சுப் போடக் கற்றுக்கொடுத்த அந்தக் கைதான் துப்பாக்கி எடுத்தது.

“சின்னப் பசங்க கையிலயும் துப்பாக்கி குடுத்தாரா?” என்று கேட்டார் மேரி அக்கா. அவர் முகத்தில் இப்போது சிரிப்பில்லை.

“சின்னவங்களுக்குக் கொடுக்க மாட்டேன்னு சண்டையே போட்டாராம். தபால் வேலை மட்டும்தான். ஆனா குண்டுக்கு அது தெரியுமா அக்கா? சில பிள்ளைகள் திரும்பி வரலை. ஒரு பையனோட அம்மா, இவர் சம்சாரத்தைத் தெருவில் பார்த்தால் கடைசி வரைக்கும் முகத்தைத் திருப்பிக்கிட்டுப் போவாங்களாம்.”

“பெத்தவளுக்குத்தானே தெரியும்” என்றார் மேரி அக்கா. அவர் சொன்னதில் எனக்கும் சம்மதம்தான். ஹலினா அம்மாவே ஒருநாள் கோபமாகச் சொல்லியிருக்கிறார்: “ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் முடிச்சுப் போடக் கற்றுக்கொடுத்த மனுஷன். எனக்கு ஷூ லேஸ் கட்டக் கற்றுக்கொடுக்க இல்லாமல் போய்விட்டார்.”

நகரம் தோற்கிற நேரத்தில் தப்பிக்க ஒரே வழி பாதாளச் சாக்கடை. யான் ஒரு நீளக் கயிற்றில் ஒரு கை தூரத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டார். இருட்டில் ஆளுக்கொரு முடிச்சைப் பிடித்துக்கொண்டு பின்னால் வர வேண்டும். மேலே எதிரி நிற்கிறான், ஆணி அடித்த பூட்ஸ் சத்தம் போடும். அதனால் பூட்ஸைக் கழற்றிக் கர்ப்பிணி மனைவியிடம் கொடுத்துவிட்டு, காலுறைக்கு மேல் துணியைச் சுற்றிக்கொண்டு இறங்கினார். ஒரு கூட்டத்தைப் பத்திரமாகக் கரையேற்றினார். மிச்சம் இருந்தவர்களைக் கூட்டிவர மறுபடி உள்ளே போனார். வெளியே வரவில்லை. மனைவி அந்தப் பூட்ஸைத் தன் காலில் ஒருநாளும் போடாமல் ஊர் ஊராகச் சுமந்தாள். அலைச்சலில் வலது கால் தொலைந்துபோய், இடது கால் மட்டும் தங்கியது.

டீ ஆறிவிட்டிருந்தது. ஒருவர் வந்து பூட்ஸை லேசாகத் தொட்டுவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை நானும் சாம்பிள் ரூமுக்கு வருகிறேன் என்றேன். நஸீமா கையெடுத்துக் கும்பிட்டாள். “நீ வந்து உக்காந்தா எல்லாருக்கும் பேஜார். வேலூர் போய் கோட்டையப் பாத்துட்டு வா. பாகாயத்துல உங்க சொந்தக்காரப் பொண்ணு நர்ஸா இருக்காள்ல, அவளையும் பாரு.”

போனேன். கோட்டை அழகுதான். கோவில், மசூதி, தேவாலயம் மூன்றும் ஒரே மதிலுக்குள் இருக்கின்றன, சுற்றிலும் அகழியில் தண்ணீர். பாகாயத்துப் பெண் ரசமும் கருவாடும் போட்டு என்னைக் கோவில்பட்டிக்கே அனுப்பிவைத்தாள். திரும்பும்போது பள்ளிகொண்டா பக்கத்தில் பஸ் பஞ்சர். புளியமர நிழலில் முக்கால் மணி நேரம். பஸ்காரருக்குப் பதற்றமே இல்லை, பயணிகளுக்கும் இல்லை, நான் மட்டும் நிமிஷத்துக்கு ஒரு தரம் மணி பார்த்தேன். பொழுது போக வேர்க்கடலை வாங்கித் தின்றேன்.

சாம்பிள் ரூமுக்குள் நுழைந்தபோது மணி நாலரை. மேசையில் பூட்ஸ் இல்லை. பூட்ஸின் மேல்தோல் தனியாக, நாக்கு தனியாக, அடிப்பாகம் தனியாக, துருப்பிடித்த ஆணிகள் ஒரு மூடியில் தனியாக இருந்தன. மேல்தோலின் நடுவில் கத்தி ஓடிய கோடு. பக்கத்தில் கண்ணாடி போட்ட ஓர் ஆள் அட்டையில் பேட்டர்ன் வரைந்துகொண்டிருந்தார்.

நான் போட்ட சத்தத்தில் மெஷின்கள் நின்றுவிட்டன.

“என்ன காரியம் பண்ணியிருக்கீங்க? இது ஷூ கம்பெனியா, கசாப்புக் கடையா? யாருடைய பூட்ஸ்னு தெரியுமா உங்களுக்கு?”

அவர்தான் ஏழுமலை மாஸ்டர். எழுந்து நின்றார். “ஒரிஜினல் சாம்பிள்னு அட்டையில போட்டிருந்துச்சும்மா. ஒரிஜினல் வந்தா பிரிச்சுத்தான் பேட்டர்ன் எடுப்போம். எல்லா கம்பெனிலயும் அதான் வழக்கம். அவசரம்னு வேற பெருசா எழுதியிருந்துச்சு, காலைலயே ஆரம்பிச்சிட்டேன்.”

அவர் நேற்று லீவு. யானின் கதையை அறையில் எல்லோரும் கேட்டார்கள், கத்தி பிடிக்கிற ஒருவரைத் தவிர. மற்றவர்கள் வேலைக்கு வரும் முன்பே பிரிக்க ஆரம்பித்துவிட்டார், மேரி அக்கா தையல் பிரிவிலிருந்து வந்து பார்ப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கிறது. நஸீமா சுவரில் சாய்ந்து அழுதாள். “என் தப்புடி. தினமும் எழுதற மாதிரியே எழுதிட்டேன். பிரிக்கக் கூடாதுன்னு ஒரு வார்த்த எழுதல.” பெரிசாக எழுதச் சொன்னவள் நான். எனக்கு அவளைத் திட்ட வாய் வரவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து நானும் அழுதேன். போனபடியே திரும்பி வர வேண்டும் என்றாரே, நான் என்ன முகத்தோடு போவேன்?

அந்த நேரம் பார்த்துத்தான் ஹலினா அம்மாவிடமிருந்து போன். “அவர் எப்படி இருக்கிறார்?” என்று கேட்டார். பூட்ஸை அவர் அப்படித்தான் சொல்வார்.

“நல்லா இருக்கிறார் அம்மா” என்றேன். இப்போது எழுதும்போதும் கூசுகிறது.

மேரி அக்கா இதற்குள் மாஸ்டருக்கு எல்லாக் கதையையும் சொல்லியிருந்தார். மாஸ்டர் மூடியிலிருந்த ஆணிகளை ஒவ்வொன்றாக எண்ணி வைத்தார். பிறகு என்னிடம் வந்தார்.

“பழைய ஓட்டையிலேயே ஊசி போட்டு, அந்த ஆணியவே அடிச்சுத் திருப்பிச் சேத்துருவேன்மா. கத்தி பட்ட எடத்த உள்பக்கமா ஒட்டினா எவனாலயும் கண்டுபுடிக்க முடியாது. சத்தியமா.”

எனக்கு உயிர் வந்தது. “செய்யுங்க மாஸ்டர், செய்யுங்க.”

“செய்றேன். அதுக்கு முன்னாடி ஒரு நிமிசம் வந்து இதப் பாருங்க.”

அடிப்பாகத்திலிருந்து எடுத்த இன்சோலை விளக்கின் கீழே வைத்தார். பாதம் நேராகப் பதிகிற உள்தோல். வியர்வையில் கருத்து, மழமழவென்று இருந்தது.

“பூட்ஸு ஒம்போது சைஸு. ஆனா கால் ஆறுதான். முன்னாடி கம்பளித் துணி திணிச்சிருந்துச்சு, பாருங்க. வேற யாரோடதோ வாங்கிப் போட்டிருக்காரு.”

ஹலினா அம்மா அந்தப் பூட்ஸின் அளவை வைத்தே தன் அப்பா ஆறடிக்கு மேல் ஆஜானுபாகுவானவர் என்று நம்பியிருந்தார். இருக்கிற ஒரே போட்டோவில் முகம் மட்டும்தான் உண்டு.

“குதிகால் பக்கம் பள்ளமே இல்ல. எல்லாம் முன்பக்கம்தான். சத்தம் கேக்கக் கூடாதுன்னு முன்காலை ஊனி நடந்த ஆளு. இப்ப வெரலப் பாருங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. நாலு குழிதான் இருக்குது. நாலாவது மட்டும் ஆழம் ஜாஸ்தி.”

“அஞ்சாவது விரல்?”

மாஸ்டர் மேசையின் மறுபக்கத்திலிருந்து பழுப்புக் காகிதத்தை எடுத்து வந்தார். ஹலினா அம்மா பென்சிலால் வரைந்த இடது பாதம். அதை இன்சோலுக்குப் பக்கத்தில் வைத்து, குதிகாலுக்குக் குதிகால் நேராக்கினார். சுண்டுவிரல் இருக்க வேண்டிய இடத்தில் பென்சில் கோடும் தோலின் பள்ளமும் ஒரே மாதிரி உள்ளே வளைந்தன.

“இந்த அம்மா ஷூவுக்கு அளவு எடுக்கறப்பவே பாத்தேன். சுண்டுவெரல் மேல ஏறி உக்காந்திருக்குது. அவருக்கும் அதேதான். ரெண்டும் ஒரே வீட்டுக் கால்மா.”

ஹலினா அம்மா எப்போதோ சொன்னது நினைவுக்கு வந்தது. ஹலினா அம்மாவின் தாய் அவருக்கு ஏழு வயதாகும்போது இறந்தவள். அந்தத் தாய் குளிப்பாட்டும்போதெல்லாம் மகளின் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு, “இது யாருடைய விரல்? எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லையே” என்று கேட்பாளாம். புருஷனோடு ஒரே குளிர்காலம்தான் வாழ்ந்தவள், அவர் காலுறையைக் கழற்றியே பார்த்ததில்லை போலிருக்கிறது.

“தச்சு மூடிட்டா இது உள்ளயே போய்டும்” என்றார் மாஸ்டர். “வெளிய எடுத்துக் குடுத்தா, பிரிச்சதச் சொல்லணும். நீங்க சொல்றதச் செய்றேன்.”

நஸீமா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் முன்னால்தான் போனில் பொய் சொல்லியிருந்தேன்.

“வெளியே எடுங்க மாஸ்டர்” என்றேன்.

வெள்ளிக்கிழமை முழுக்க அவர் சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. அசலுக்கு வேறு இன்சோல் வைத்துப் பழைய ஓட்டை வழியாகவே தைத்துச் சேர்த்தார். பிள்ளைகளின் கண்ணாடிப் பெட்டிக்கு ஒரு ஜோடி. ஹலினா அம்மாவுக்கு, சுண்டுவிரலுக்கு மேலே மெத்தென்று இடம் விட்டு, இன்னொரு ஜோடி. கிளம்பும்போது மேரி அக்கா சிரித்துக்கொண்டே இடது கையை நீட்டினார். நானும் இடது கையாலேயே பிடித்துக் குலுக்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஹலினா அம்மாவின் சமையலறை. சட்டியில் பீட்ரூட் சூப், ஜன்னலுக்கு வெளியே பனி. உட்காருவதற்கு முன்பே சொல்லிவிட்டேன். “அம்மா, பூட்ஸைப் பிரித்துவிட்டார்கள். தைத்துச் சேர்த்திருக்கிறார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. அவசரம், அவசரம் என்று பறந்தவள் நான்தான். போனில் பொய்யும் சொன்னேன்.”

அவர் பூட்ஸை மடியில் வைத்துத் தடவினார். கத்தி ஓடிய இடத்தை விரல் கண்டுபிடித்துவிட்டது. மாஸ்டர் யாராலும் முடியாது என்றார், இந்த விரலைப் பற்றி அவருக்குத் தெரியாது. எழுந்துபோய் எனக்கு முதுகைக் காட்டி அடுப்பைப் பார்த்து நின்றார். திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது எனக்கு.

துணியில் சுற்றியிருந்த இன்சோலை மேசையில் விரித்தேன். மாஸ்டர் சொன்னதை அப்படியே சொன்னேன். சின்னக் கால் என்றதும் திரும்பினார். நாலு குழி என்றதும் பக்கத்தில் வந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலால் ஒன்று, இரண்டு என்று எண்ணினார். நாலாவதில் விரல் நின்றுவிட்டது.

இன்சோலை எடுத்துத் தரையில் வைத்தார். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு இடது கால் உறையைக் கழற்றினார். நீல நரம்பு ஓடிய வெள்ளைப் பாதத்தை, ஏறி உட்கார்ந்த அந்தச் சுண்டுவிரலோடு, மெதுவாக அதன்மேல் வைத்தார். விரல்கள் ஒவ்வொன்றாகத் தங்கள் குழியில் போய் உட்கார்ந்தன.

“நான் சின்னவளாக இருந்தபோது பக்கத்து வீட்டுப் பெண் தன் அப்பாவின் பாதத்தின்மேல் ஏறி நின்றுகொள்வாள்” என்றார். “அவர் அவளைப் பிடித்துக்கொண்டு வீடு முழுக்க நடப்பார். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன்.”

சட்டியில் சூப் பொங்கி அடுப்பில் வழிந்தது. அடுப்பை அணைக்கப் போன என்னைத் தலையசைத்துத் தடுத்து, இன்சோலிலிருந்து காலை எடுக்காமலே இரண்டு கையையும் நீட்டினார்.

“இரு, ராணி. கொஞ்ச நேரம் என்னைப் பிடித்துக்கொள்.”